சட்டியில் இருப்பதும் அகப்பையில் வருவதும்



சுப்ஹுக்குப் பின் வீட்டில் மெல்ல ஒலிக்கும் கிராஅத், வெள்ளிக்கிழமை காலையின் ஸலவாத்து, பெருநாள் மாலையில் நாகூர் இ.எம். ஹனிபாவின் பாடல்கள், கல்யாண வீட்டுப் பந்தலின் ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கேட்டுத்தான் நம்மில் பலரும் வளர்ந்தோம். இசைக் கருவிகளைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாம் இங்கே நுழையவில்லை. அதனை அவரவர் தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்வதே முறை. நாம் இங்கே பேச விரும்புவது வேறொன்றைப் பற்றி. வீட்டில் நாம் கேட்கும் ஒலி நன்றாக அமைவதும் அமையாமற்போவதும் எதனால்? விலை உயர்ந்த கருவியாலா, பதிவின் தரத்தாலா?

இக்கேள்வி சென்ற பெருநாளின்போது எங்கள் வீட்டில் எழுந்தது. ரியாத்திலிருந்து விடுப்பில் வந்த எங்கள் வீட்டு மாப்பிள்ளை, உம்மாவுக்கென்று ஒரு ஜோடி ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் அரிசி மரக்காலைவிடச் சற்றுப் பெரியது, நல்ல விலையுள்ளது. உம்மாவுக்கு ஹனிபாவின் பாடல்கள் என்றால் உயிர் என்பது அவருக்குத் தெரியும். கைப்பேசியில், உறவினர் ஒருவர் எப்போதோ அனுப்பியிருந்த ஒரு பாடலைத் தேடியெடுத்து ஒலிக்கவிட்டார். வீட்டிலுள்ள அனைவரும் கூடத்தில் அமர்ந்து கேட்டோம். பாதிப் பாட்டிலேயே உம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

“மாப்பிள்ளை, இது ஹனிபா பாடுற மாதிரி இல்லையே வாப்பா. தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பாடுற மாதிரியில்ல இருக்கு.”

மாப்பிள்ளை மனம் கோணவில்லை. “அப்படியா மாமி? அப்ப ஒரு சோதனை செஞ்சு பாத்துருவோம்” என்று எழுந்தார்.

அன்று மாலை நடந்த சோதனை எங்களுக்கு நிறையக் கற்றுத் தந்தது. அதே பாடலின் மூன்று பிரதிகளைச் சேகரித்தோம். ஒன்று, கைப்பேசியில் கைமாறி வந்த கோப்பு. இரண்டு, உம்மாவின் பெட்டியில் இருந்த ஒலிநாடா. மூன்று, பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரிய வாப்பா பத்திரமாக வைத்திருந்த குறுந்தகடு. ஒலிக்கவிடுவதற்குக் கருவிகள் இரண்டு: புதிய ஸ்பீக்கர்கள் ஒன்று, வாப்பா பல ஆண்டுகளுக்கு முன் சவூதியிலிருந்து சுமந்துவந்த பழைய டூ-இன்-ஒன் மற்றொன்று. அந்தப் பழைய பெட்டியின் பின்புறத்தில் வெளியிலிருந்து ஒலியை உள்ளே கொடுக்கும் துளையும் இருந்தமையால், எல்லாவற்றையும் அதிலும் கேட்க முடிந்தது.

முடிவு இதுதான். கைப்பேசிக் கோப்பு புதிய ஸ்பீக்கரில் மிக மோசமாக ஒலித்தது. பழைய பெட்டியிலோ ஏதோ கேட்கும்படி இருந்தது. ஒலிநாடாவில் இரைச்சல் இருந்தாலும் குரல் குரலாக இருந்தது. குறுந்தகட்டைப் பழைய பெட்டியில் போட்டபோதே உம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதையே புதிய ஸ்பீக்கரில் கேட்டபோது, தோல் வாத்தியத்தின் மேல் விரல் விழும் சத்தமும், பாடகர் அடுத்த அடிக்கு முன் மூச்சை இழுக்கும் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. “இப்பத்தான் மனுஷன் முன்னாடி நிக்குறாரு” என்றார் உம்மா.

மோசமான பிரதி, நல்ல கருவியில் இன்னும் மோசமாக ஒலித்தது ஏன்? பழைய பெட்டி மேல் சுருதியையும் கீழ் சுருதியையும் சரியாகக் கொடுப்பதில்லை. அதனால் பதிவின் குறைகளையும் சேர்த்தே அது மறைத்துவிடுகிறது. நல்ல ஸ்பீக்கரோ நேர்மையான சாட்சி. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறது. நல்லதையும் சொல்கிறது, குறையையும் சொல்கிறது. ‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. வெள்ளி அகப்பை வாங்கினாலும் சட்டியில் இல்லாதது வராது.

சட்டியிலிருந்து குறைந்துபோனது எப்படி என்று பார்த்தால் அதுவும் ஒரு வரலாறுதான். நாகூர் ஹனிபா (1925–2015) இசைத்தட்டுக் காலத்தில் பாடத் தொடங்கி, ஒலிநாடா, குறுந்தகடு ஆகிய காலங்களைக் கண்டவர். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அன்றைய பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட ஒலியே அடங்கும். ஊசி உரசும் சத்தம் எப்போதும் இருக்கும். ஆயினும் மைக்கின் முன் நின்று முழுக் குரலில் பாடியவரின் குரல் அதில் நன்றாகவே பதிந்தது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட் வந்தபின் பாட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. ஆனால் அந்த நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்குள்ளேயே இரு பக்கங்களுக்கும் இடம் வேண்டும். அது விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே ஓடும். இவ்வளவு குறுகிய இடத்தில், இவ்வளவு மெதுவாக ஓடும் நாடாவில் இரைச்சல் தவிர்க்க முடியாதது. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என நகலெடுக்கும்போது ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடிக்கொண்டே போகும். மேல் சுருதி குறைந்துகொண்டே வரும். கடைத்தெருவில் பதிந்து தந்த கேசட்டுகள் பலவும் இப்படி மூன்றாம், நான்காம் தலைமுறைப் பிரதிகளாக இருந்தவையே.

1982இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு, ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதியது. நகலெடுத்தாலும் தரம் குறையாத நிலை அப்போது வாய்த்தது. பிறகு வந்த எம்பி3 அந்த எண்களைச் சுருக்கியது. வழக்கத்தில் பரவிய 128 கிலோபிட் அளவில் குறுந்தகட்டின் தகவலில் ஏறத்தாழ 11இல் ஒரு பங்கே மிஞ்சும். காது கவனிக்காது என்று கணக்கிட்டவற்றை நீக்கிவிடுவதே அதன் முறை. ஒருமுறை நன்றாகச் சுருக்கினால் பெரிய குறை தெரியாது. ஆனால் பழைய கேசட்டிலிருந்து எடுத்து, சுருக்கி, இணையத்தில் ஏற்றி, அங்கே மீண்டும் சுருங்கி, யாரோ அதை இறக்கி இன்னொரு முறை சுருக்கி அனுப்பும்போது, கழித்ததிலிருந்தே மேலும் கழிக்கிறோம். உம்மா சொன்ன ‘தகர டப்பா’ அப்படிப் பிறந்ததே. நீக்கப்பட்டதை எந்த ஸ்பீக்கராலும் திருப்பித் தர இயலாது. சிறிய கோப்பைப் பெரிய கோப்பாக மாற்றி எழுதினாலும் அளவு மட்டுமே கூடும், ஒலி கூடாது.

இதில் பாட்டைவிட முக்கியமான ஒரு பக்கமும் உண்டு. குர்ஆன் ஓதுதல் இசையன்று. அதனைப் பாட்டோடு ஒப்பிடுவது நம் நோக்கமுமன்று. ஆயினும் நம் பிள்ளைகள் இன்று ஓதுதலைப் பெரிதும் கேட்பது கருவிகளின் வழியேதான். ஆகவே, பதிவின் தரம் அங்கே இன்னும் பெரிய பொருளுடையதாகிறது.

‘ஸீன்’, ‘ஸாத்’, ‘ஸா’ என்னும் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். தமிழ்க் காதுக்கு இவை மூன்றும் நெருங்கிய ஒலிகள். நாக்கு நுனி பற்களின் விளிம்பைத் தொடும் ‘ஸா’வும், சீறி வரும் ‘ஸீனு’ம் வேறுபடுவது பெரும்பாலும் மேல் சுருதியில், அதாவது விநாடிக்கு 4,000 அதிர்வுகளுக்கும் மேலான பகுதியில். பழைய தொலைபேசி இணைப்பு கடத்தியது 300 முதல் 3,400 அதிர்வுகள் வரையிலான பகுதியை மட்டுமே. தொலைபேசியில் பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருந்ததன் காரணம் அதுவே. மிகையாகச் சுருக்கப்பட்ட ஒலிக்கோப்பிலும் முதலில் அடிபடுவது அந்த மேல் பகுதியே.

எங்கள் வீட்டில் மக்தப் செல்லும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். கைப்பேசிக் குழுவில் வந்த ஒரு துண்டுப் பதிவைக் கேட்டுக் கேட்டு ஒரு சிறு சூராவை மனனம் செய்துகொண்டிருந்தாள். உஸ்தாதின் முன் ஓதியபோது ‘ஸா’ வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘ஸீன்’ வந்தது. உஸ்தாத் கடிந்துகொள்ளவில்லை. “எதைக் கேட்டு ஓதுறே, மவளே?” என்று மட்டும் கேட்டார். மறுநாள், எகிப்தின் காரி மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரியின் தெளிவான பதிவொன்றைக் கேட்கச் சொன்னார். கைப்பேசி அதே கைப்பேசி. ஸ்பீக்கரும் அதன் அடியில் இருக்கும் அதே சிறு ஸ்பீக்கர்தான். மாறியது பதிவு மட்டுமே. உஸ்தாதின் வாயைப் பார்த்து ஒருமுறை, பதிவைக் கேட்டு ஒருமுறை எனச் சில நாட்கள் பயின்றதும் எழுத்து நேரானது, அல்ஹம்துலில்லாஹ்.

குர்ஆன் முழுவதையும் தர்த்தீல் முறையில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தவர் ஹுஸரி அவர்களே. 1961இல் அது வெளிவந்தது. 1964இல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே தனி வானொலி தொடங்கியபோது அத்தகைய பதிவுகளே அதற்கு அடித்தளமாயின. அறுபதாண்டுகள் கடந்தும் பிள்ளைகளுக்கு அவை பாடமாக இருப்பதற்குக் காரணம், ஓதியவரின் கல்வியோடு, அமைதியான அறையில் கவனமாகச் செய்யப்பட்ட பதிவும் ஆகும். அன்றைய கருவிகள் இன்றையவற்றைவிட எளியவை. ஆனால் பதிவு செய்தவர்கள் அவசரப்படவில்லை.

அப்படியானால் கருவியே தேவையில்லையா என்று கேட்கலாம். தேவைதான். ஆனால் எந்த இடத்தில் என்பதே கேள்வி. கருவி, இல்லாததைச் சேர்க்காது. ஆனால் இருப்பதை இழந்துவிடக் கூடும். இதை எங்களுக்கு உணர்த்தியது பாட்டுக் கேசட் அன்று. ஒரு கடிதக் கேசட்.

வளைகுடாவுக்குப் பிழைக்கப்போன நம் ஆண்களுக்கு, தொலைபேசி எட்டாத விலையில் இருந்த அக்காலத்தில், வீட்டிலிருந்து கேசட்டில் பேசி அனுப்பும் வழக்கம் இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். ஊரிலிருந்து கிளம்பும் யாரேனும் ஒருவரிடம் ஊறுகாயோடும் மாசியோடும் ஒரு கேசட்டும் போகும். அங்கே ஓர் அறையில் பத்துப்பேர் இருக்க, ஒருவர் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அதைக் கேட்பார். வாப்பாவுக்கு அவருடைய உம்மா பேசி அனுப்பிய கேசட் ஒன்றை வாப்பா திரும்பக் கொண்டுவந்திருந்தார். அவர் உம்மா மவுத்தாகிப் பல ஆண்டுகளாகிவிட்டன. அவரது குரல் இருப்பது அந்த ஒரே நாடாவில்தான்.

பதிவு என்று பார்த்தால் அதைவிட மோசமானது இருக்க முடியாது. பெட்டிக்குள்ளேயே இருந்த மைக்கில் பேசியது. மோட்டார் ஓடும் சத்தமும் மின்விசிறியின் சத்தமும் சேர்ந்தே பதிந்திருந்தன. எங்கள் டூ-இன்-ஒன்னில் அது எப்போதும் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோலவே ஒலிக்கும். கடற்காற்றின் ஈரத்தில் நாடா பூசணம் பிடிக்கத் தொடங்கியதும், அதைக் கணினியில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஒலிநாடாக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. முதலில், நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்துவிட்டதைக் கண்டு, வேறொரு கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்தினார். ஹெட்டில் படிந்திருந்த பழுப்பு நிறத் தூளை ஸ்பிரிட்டால் துடைத்தார். பின்பு ஒரு சிறிய திருப்புளியை எடுத்து, ஹெட்டின் பக்கத்திலிருக்கும் திருகை இம்மியளவு திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பதிவு செய்த பெட்டியின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் கேட்கும் பெட்டியின் ஹெட்டும் இருக்க வேண்டும். இல்லையேல் மேல் சுருதி அழிந்து, எல்லாம் மந்தமாகிவிடும் என்று விளக்கினார். சட்டென்று ஒரு நொடியில் போர்வை விலகியதுபோல் குரல் வெளியே வந்தது.

பேச்சு முடிந்தபின் பொத்தானை அழுத்துவதற்கு முன்னான சில விநாடிகள், இத்தனை ஆண்டுகளாக எங்களுக்கு வெறும் முணுமுணுப்பாகவே கேட்டிருந்தன. அன்று அது சொல்லாகக் கேட்டது. அருகிலிருந்த யாரிடமோ அவர் கேட்கிறார்: “நான் அழுதது இதுல கேக்குமா?”

வாப்பா அதை ஒரே ஒருமுறை கேட்டார். பிறகு எழுந்து ஒளூச் செய்யப் போய்விட்டார்.

அந்தச் சொல் நாடாவிலேயே இருந்தது. எங்கள் பெட்டிக்கு அதை எடுக்கத் தெரியவில்லை. ஆகவே, கருவிக்காகச் செலவிடுவதானால், பழைய பதிவை முழுமையாக வெளியே எடுக்கும் இடத்தில் செலவிடுவதே முதல் முறை. அங்கே தவறவிட்டதை எத்தனை விலையுள்ள ஸ்பீக்கரும் பின்னால் மீட்டுத் தராது. நாடாக்களோ நமக்காகக் காத்திருக்கப் போவதில்லை. அவற்றை இயக்கும் பெட்டிகளும், அந்தப் பெட்டிகளைச் சீர்செய்யத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன.

இன்னொன்றும் உண்டு: நாம் அமர்ந்து கேட்கும் அறை. இன்றைய நம் வீடுகளின் கூடங்கள் பளிங்குத் தரையும் வெறுஞ்சுவரும் கொண்டவை. ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, சொல்லின் மேல் சொல் விழுந்து குழம்புகிறது. ஸ்பீக்கரைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தால் அலமாரியும் சேர்ந்து பாடும். மூலையில் வைத்தால் கீழ் சுருதி வீங்கும். எங்கள் வீட்டில், புதிய ஸ்பீக்கர்களை அலமாரியிலிருந்து எடுத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, அமர்ந்திருப்பவரின் காது உயரத்தில் வைத்து, தரையில் ஒரு கனத்த விரிப்பையும் போட்டோம். பைசாச் செலவில்லாமல் அன்று கிடைத்த மாற்றம் சிறிதன்று. சற்று நெருங்கி அமர்ந்து, ஒலியைக் குறைத்துக் கேட்டால் இன்னும் தெளிவு. பக்கத்து வீட்டாரின் உரிமையும் பேணப்படும்.

நம் மூத்தவர்கள் மத்திய அலையில் இலங்கை வானொலியைக் கேட்டுப் பாட்டுகளை நெஞ்சில் பதித்துக்கொண்டவர்கள். அந்த ஒலியில் மேல் சுருதி பெரிதும் வெட்டப்பட்டிருக்கும். இடையிடையே கொரகொரப்பும் வரும். ஆயினும் மனிதக் குரலின் பெரும்பகுதி நடுச் சுருதியிலேயே இருப்பதால் குரலும் பொருளும் வந்து சேர்ந்தன. நம் இல்லங்களில் கேட்பவை பெரும்பாலும் குரலைச் சார்ந்தவையே. அதற்கு நடுத்தரமான ஒரு ஸ்பீக்கர் போதும். தேவைக்கு மேல் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குவது வீண்விரயத்தில் முடியும். அந்தப் பணத்தில் சிறு பகுதியையும், அதைவிட அதிகமாகப் பொறுமையையும், நல்ல பிரதியைத் தேடுவதில் செலவிடலாம். முறையாக வெளியான குறுந்தகடு கிடைத்தால் அதை வாங்கி, தரம் குறையாத கோப்பாக மாற்றி வைக்கலாம். கைமாறி வந்த துண்டுகளைவிட அது பன்மடங்கு மேல்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னும் பதியப்படாத குரல்கள் நம் வீடுகளிலேயே இருக்கின்றன. தாலாட்டுகளையும், பழைய பைத்துகளையும், கப்பல் சபர் கதைகளையும் நெஞ்சில் வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் சம்மதத்தோடு இன்றே பதிந்து வையுங்கள். நல்ல பதிவுக்குப் பெரிய கருவி வேண்டாம். இன்றைய கைப்பேசியே அன்றைய டூ-இன்-ஒன்னின் மைக்கைவிட மேலானது. மெத்தையும் துணிகளும் உள்ள சிறிய அறையைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசியை ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில், தலையணை மேல் வையுங்கள். தூரம் இரட்டிப்பானால் குரலின் வலிமை பெரிதும் குறைந்து அறையின் இரைச்சல் மேலோங்கிவிடும். குழுவில் அனுப்பும் குரல் செய்தியாகப் பதியாதீர்கள். அது பதியும்போதே ஒலியைச் சுருக்கிவிடும். ஒலிப்பதிவுச் செயலியில், கிடைக்கும் மிக உயர்ந்த தரத்தைத் தேர்ந்து பதியுங்கள். பின்னர் இரைச்சலை நீக்குகிறோம் என்று அதிகமாகத் துடைக்காதீர்கள். இரைச்சலோடு மெய்யெழுத்துகளும் போய்விடும். மூலப் பதிவை அப்படியே இரண்டு இடங்களில் காத்து வையுங்கள். அது நம் பிள்ளைகளின் அமானிதம்.

எங்கள் வீட்டில் இம்மாத இறுதிக்குள் உம்மாவின் குரலைப் பதிவதாக எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். என்ன பேசுவது என்று அவர் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். எதையும் பேசுங்கள், நேரம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மாலை அமையட்டும். மின்விசிறியை மட்டும் மறவாமல் நிறுத்திவிடுங்கள்.